மிச்சக் கயிறு

கரட்டுப்பட்டி ஜெயில் ஆஸ்பத்திரியில் எடை குறைந்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. மதுரைக்கு வடக்கே, கடலைக்காடும் கருவேலமுமாகக் கிடந்த பொட்டலில் இருந்தது அந்த ஜெயில். களியும் தண்ணீர்ச் சாம்பாரும் தின்று, வெயிலில் கல்லுடைத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடைமேடையில் ஏறி இறங்கிய நானூறு பேரும் அங்கே மாதாமாதம் கொழுத்துக்கொண்டே போனார்கள். எடைப் பதிவேடு அப்படித்தான் சொன்னது. அதை எழுதியவர் கம்பவுண்டர் கண்ணுச்சாமி.

கண்ணுச்சாமி கெட்ட மனிதர் இல்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள். ஊசி போட்டால் வலிக்காது என்று பெயர் எடுத்தவர். எடை மட்டும் அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. ஒருவனுக்கு எடை குறைந்தால் சிவப்பு மையில் எழுத வேண்டும். சிவப்பு விழுந்தால் ஏன் விழுந்தது என்று விளக்கம் எழுத வேண்டும். அடுத்த முறையும் விழுந்தால் மேலிடத்துக்குக் கடிதம் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை அவர் சிவப்பு மையைத் தொட்டார். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. அதன்பின் நீல மையில் அரைக் கிலோ கூட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். சிவப்பு மைப் புட்டி அலமாரியில் காய்ந்து போனது.

மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் அவர் எழுதிய பொய் சோம்பலில் எழுதியது. காசிமாயனுக்கு எழுதியது மட்டும் இரக்கத்தில் எழுதியது. இரண்டில் எது அதிகக் கெடுதல் செய்தது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது.

காசிமாயனுக்குச் சொந்த ஊர் சோழவந்தானுக்கு எதிரே, வைகைக்கு அக்கரை. மடைத் தகராறில் மண்வெட்டியைத் திருப்பி ஒருவனை அடித்தான். அடிபட்டவன் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். ஆயுள் தண்டனை. காசிமாயன் உள்ளே வரும்போது அறுபத்தொரு கிலோ, இடுப்பு முப்பத்துநாலு அங்குலம். மூன்றாம் வருஷம் இருமல் பிடித்தது. ஊர்ப்பக்கம் என்றால் புகையிலை இருமல் என்று விட்டிருப்பார்கள். இங்கே சளியைச் சோதித்ததில் டி.பி. என்று தெரிந்தது.

அந்த ஐப்பசியில் இரண்டு தடவை எடை குறைந்தது. ஒழுங்குப்படி அவனை டி.பி. ஆஸ்பத்திரி இருக்கிற ஜெயிலுக்கு மாற்ற வேண்டும். டி.பி. என்பதால் இந்தத் தடவை உள்ளதையே எழுதிவிட நினைத்த கண்ணுச்சாமி, அதைச் சொல்லத்தான் மனுப் போட்டு அவனைப் பார்க்க வந்திருந்த ஒச்சாயியை வாசல் குழாயடிக்குக் கூப்பிட்டார். ஒச்சாயி காசிமாயனின் மனைவி.

“அது எங்கிட்டு இருக்குண்ணே?”

“வடக்க. ரயில்ல ஒரு ராத்திரி, பெறகு பஸ்ஸுல பாதிப் பகல்.”

“அங்க பாக்க விடுவாகளா?”

“மூணு மாசத்துக்கு ஒருக்க. நீ போயிட்டுத் திரும்ப நாலு நாளு ஆகும்.”

“மருந்து வேற மருந்தாண்ணே?”

“மருந்து இதே மருந்துதான். ஆனா அங்க எக்ஸ்ரே இருக்கு, பெரிய டாக்டர்மாரு இருக்காக. பாலும் முட்டையும் ஒழுங்காக் கெடைக்கும்.”

ஒச்சாயி குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள்.

“அண்ணே, கம்பிக்கு இங்கிட்டு நின்னு அவுக இருமுறதக் கேட்டுட்டுப் போனாத்தேன் எனக்குப் பதினஞ்சு நாளு ஓடுது. அம்புட்டுத் தொலவுல கொண்டுபோயி வச்சுட்டா நான் எதக் கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்? அதே மருந்துன்னா இங்கனயே குடுங்கண்ணே. அனுப்பாதீக.”

“அது என் கையில இல்லம்மா. எடை கொறஞ்சிருச்சு. எழுதணும்.”

“எழுதுறது ஒங்க கைதான?”

அந்த வாரம் ஐம்பத்தாறு இருந்த இடத்தில் கண்ணுச்சாமி ஐம்பத்தொன்பது என்று நீல மையில் எழுதினார். மருந்தை என் கையால் தவறாமல் கொடுத்துச் சரிப்படுத்திவிடுவேன் என்றுதான் நினைத்தார். அந்த நினைப்பில் பொய் இல்லை. ஆனால் ஒரு மாதம் ஊசி வரும், மாத்திரை வராது. அடுத்த மாதம் மாத்திரை வரும், ஊசி வராது. பதிவேட்டில் எல்லாரும் கொழுத்திருக்கிற ஆஸ்பத்திரிக்கு எதற்கு அவ்வளவு மருந்து என்று மேலே இருப்பவர்கள் நினைத்திருந்தால் அவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஒச்சாயிக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. விடியுமுன் அகத்திக்கு நடுவே இறங்கினால் ஈரத்தில் கால் விரலெல்லாம் வெளுத்துவிடும். வெற்றிலையைக் கிள்ளி, காம்பு ஒரு பக்கமாக அடுக்கி, நூறு நூறாகக் கவுளி கட்டவேண்டும். அவள் எண்ணுவதில்லை. கை எண்ணும். நூறு வந்ததும் கை தானாக நிற்கும். அந்தக் கை ஞாபகம் வைத்திருந்த இன்னொரு அளவு காசிமாயனின் இடுப்பு. அவள் முழத்தில் இரண்டு முழம், முடிச்சுக்கு நாலு விரல்.

அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் அரைஞாண் கயிறு இல்லாமல் இருப்பதில்லை. பிணத்துக்குத்தான் அதை அறுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் அழகர்கோவிலுக்குப் போய், படிவாசலில் கருப்பனுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கயிற்றை வைத்து எடுத்துக்கொண்டு ஜெயிலுக்கு வருவாள். மனுப் பார்க்கும் இடத்தில் இரட்டைக் கம்பிவலை. நடுவில் ஒரு வார்டர் உலாத்துகிற அளவுக்கு இடம். ஐந்து வருஷமாக அவள் விரல்கூட அவன் மேல் பட்டதில்லை. ராத்திரி படுத்தால் பக்கத்துப் பாயின் இடம் அவளுக்கு எரிந்தது. அவள் கையிலிருந்து போய் அவன் உடம்பைத் தொட்டது அந்தக் கயிறு ஒன்றுதான்.

கயிற்றை உள்ளே அனுப்புவது லேசான காரியம் இல்லை. வாசலில் முத்திருளன் இருந்தார். கேட் வார்டர். இருபத்தொரு வருஷம் அதே வாசலில் அதே முக்காலியில் இருந்தவர். கைதிகள் அவருக்கு ‘அடிஸ்கேல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்னொரு சமயம் ஒருவன் பத்துப் பேருடைய அரைஞாண் கயிறுகளை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டான். காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து ஆபத்தான பொருள்களின் பட்டியலில் பிளேடுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் நடுவே கயிறும் ஏறிவிட்டது. ஒரு கயிறு உள்ளே போனால் ஒரு கயிறு வெளியே வரவேண்டும். இடுப்புக்கும் முடிச்சுக்கும் போக ஓர் அங்குலம்கூட உள்ளே இருக்கக்கூடாது. முத்திருளன் தானே உள்ளே போய்க் கட்டிவிட்டு, மிச்சத்தை வெட்டி, மர ஸ்கேலில் அளந்து, கேட் புத்தகத்தில் எழுதுவார். வந்த நீளம், கட்டிய நீளம், வெட்டிய நீளம். வெட்டிய துண்டைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துக் கைநாட்டு வாங்குவார்.

“துண்டு எனக்கெதுக்குண்ணே, குப்பையில போடுங்க” என்று முதல் தடவை ஒச்சாயி சொன்னாள்.

“குப்பை ஜெயிலுக்குள்ள இருக்கு. துண்டு வெளிய போகணும். பிடி.”

அந்தத் துண்டு ஒரு விரல்கடை இருந்தது. அடுத்தது இரண்டு விரல்கடை. ஒச்சாயி ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள். ஒரு தடவையும் அவள் புதுக் கயிற்றைக் குறைத்து வாங்கவில்லை. அவள் கைக்குத் தெரிந்த அளவு அதுதான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசியில் ஜெபமணி என்று ஒரு புது டாக்டர் வந்தார். அதே மாசியில் ஒரு தாக்கீதும் வந்தது. ஜெயில் ஆஸ்பத்திரிகளைத் தரம் பிரித்துச் சான்று கொடுக்க ஒரு கமிட்டி வரப் போகிறது. நாற்பத்திரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். முதல் தரம் வாங்கினால் எக்ஸ்ரே மெஷின் கிடைக்கும், பத்துக் கட்டில் கூடும். சூப்பிரண்டு மறுநாளே சுண்ணாம்புக்குச் சொல்லிவிட்டார். கட்டில் கால்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். படுத்திருந்தவர்களை எழுப்பாமலே அடித்ததில் நாலு பேர் வேட்டியில் பச்சைக் கரை விழுந்தது.

ஜெபமணி டாக்டருக்குப் பெயின்டில் அக்கறை இல்லை. ஆறாம் கட்டிலில் கிடந்த காசிமாயனைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். பங்குனி பிறந்ததும் அவன் ரத்தமாகத் துப்பினான். இனி ஜெயிலில் வைத்துத் தேற்ற முடியாது என்று ஒரு டாக்டர் எழுதினால், வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்க அரசாங்கம் விடுதலை செய்யலாம். டாக்டர் அதை எழுத உட்கார்ந்தார். கூட வைக்க எடைப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கண்ணுச்சாமியிடம் கேட்டார்.

கண்ணுச்சாமி பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். டாக்டர் விரலை வைத்துப் படித்தார். ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்றரை. கடைசி வரியில் அறுபத்தாறு.

“இந்த ஆளா?”

“ஆமாங்கய்யா.”

டாக்டர் ஆறாம் கட்டிலுக்குப் போய்த் தானே காசிமாயனைத் தாங்கிப் பிடித்து எடைமேடையில் நிறுத்தினார். நாற்பத்துமூன்று. முள் ஆடி நின்ற பிறகும் நாற்பத்துமூன்றுதான்.

சூப்பிரண்டு அறையில் பேச்சு ரொம்ப நேரம் நடக்கவில்லை. “மெஷின் ரிப்பேர்னு எழுதிக்கலாம் டாக்டர்” என்றார் சூப்பிரண்டு. “கமிட்டி வந்துட்டுப் போகட்டும். சான்று கைக்கு வரட்டும். அப்பறம் புதுசா எடை போட்டு, மூணு மாசம் கொறையுதுன்னு காட்டி அனுப்புவோம். இப்ப இதை அனுப்புனா போன பதினஞ்சாம் தேதி அறுபத்தாறு இருந்தவன் எப்படிய்யா நாப்பத்திமூணு ஆனான்னு கேப்பாங்க. கைதி வீட்டுல என்ன வாங்குனேன்னு உங்களையும் கேப்பாங்க.”

“மூணு மாசம் அவன் தாங்க மாட்டான் சார்.”

“எனக்கு நானூறு பேரு இருக்காங்க. எக்ஸ்ரே வந்தா எல்லாருக்கும்தான் நல்லது.”

அதுவும் நியாயம்தான். அதுதான் பதிவேட்டோடு கதவோரம் நின்ற கண்ணுச்சாமிக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிச் சோழவந்தான் போனார். ஆற்றில் கரண்டைக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரை ஏறி விசாரித்துப் போனபோது, ஒச்சாயி வீட்டு முற்றத்தில் வேப்பமர நிழலில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே அவள் நாத்தனார் சின்னத்தாய், காசிமாயனின் அக்காள். புருஷன் செத்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வாய் பெரிது. அடுப்பங்கரையும் அவள் பொறுப்பு.

கம்பவுண்டரைக் கண்டதும் ஒச்சாயியின் கை எழுபதிலோ எண்பதிலோ நின்றுவிட்டது.

“இருக்காகளாண்ணே?”

“இருக்கான். இருக்கான்மா. நான் அதுக்கு வரல.”

சின்னத்தாய் ஒரு செம்பு நீர்மோர் கொண்டுவந்து வைத்தாள். “மொதல்ல குடிங்க. வேனா வெயில்ல ஆறு தாண்டி வந்திருக்கீக. நல்ல சேதின்னா குடிச்சுட்டுச் சொல்லலாம். கெட்ட சேதின்னாலும் குடிச்சுட்டே சொல்லலாம்.”

கண்ணுச்சாமி குடித்தார். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். புது டாக்டர் வந்தது, விடுதலைக்கு எழுத உட்கார்ந்தது, பதிவேட்டில் அறுபத்தாறு இருந்தது, மேடையில் நாற்பத்துமூன்று இருந்தது. சொல்லும்போது ஒச்சாயியைப் பார்க்காமல் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“புரியற மாதிரி சொல்லுங்க” என்றாள் சின்னத்தாய். “எந்தம்பி வீட்டுக்கு வரலாம்னு டாக்டரு சொல்றாரு. வரக்கூடாதுன்னு யாரு சொல்றா?”

“நான் எழுதுன எழுத்து சொல்லுது. ரெண்டு வருசமா அவன் ஏறிக்கிட்டே இருக்கான்னு எழுதியிருக்கேன்.”

“எலும்பாக் கெடக்குறவன ஏறிக்கிட்டு இருக்கான்னு எழுத ஒங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”

“மதினி” என்றாள் ஒச்சாயி. “நான்தேன் எழுதச் சொன்னேன்.”

சின்னத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

“வடக்க கொண்டு போறேன்னாக. மூணு மாசத்துக்கு ஒருக்கத்தேன் பாக்க முடியும்னாக. பொறுக்கல மதினி. அங்க போயிருந்தா பாலு முட்டை தின்னு இந்நேரம் தேறியிருப்பாக. எம்பக்கத்துல இருக்கணும்னு பிடிச்சு வச்சேன். பிடிச்சு வச்சே கொன்னுக்கிட்டு இருக்கேன்.”

அவள் அழவில்லை. விட்ட இடத்திலிருந்து வெற்றிலையை அடுக்கினாள். நூறு தாண்டியும் கை நிற்காமல் அடுக்கிக்கொண்டே போனது. சின்னத்தாய் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“போதும்டி. நானா இருந்தாலும் அதத்தேன் சொல்லியிருப்பேன்.”

கண்ணுச்சாமிக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். வேண்டாம் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒச்சாயி உள்ளே போய்ப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். எட்டுக் கயிற்றுத் துண்டுகள். குட்டையிலிருந்து நெட்டைக்கு வரிசையாக வைத்தாள்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுண்ணே. ஆனா இதுந் தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவ துண்டு கைக்கு வரும்போதும், அம்புட்டு மச்சான் எங்கிட்டோ போயிட்டாகன்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதேன் வந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பாத்தாப் போதும்னு இருந்துச்சு.”

கடைசித் துண்டு ஒரு சாணையும் தாண்டியிருந்தது. கண்ணுச்சாமி களியை வாயருகே கொண்டுபோன கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் முத்திருளன் வெட்டிக் குடுத்தது?”

“ஆமா.”

“அளந்து?”

“ஸ்கேலு வச்சு அளந்து, தேதி போட்டு எழுதி, எங்கைநாட்டும் வாங்கித்தேன் குடுப்பாக.”

“அந்த ஆளு எறும்பு உள்ள போனாலும் காலை எண்ணி எழுதுற ஆளு” என்றார் கண்ணுச்சாமி. சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒச்சாயியின் முகத்தைப் பார்த்தார்.

கமிட்டி சித்திரை ஏழாம் தேதி வந்தது. மூன்று பேர். தலைவர் ஒரு வயதான டாக்டர். எதையும் தொட்டுப் பார்த்தே நம்புகிறவர். கட்டில் காலைத் தொட்டார், கையில் பச்சை ஒட்டியது. மருந்து அலமாரி, கொதிக்கவைக்கும் பாத்திரம், கக்கூஸ் எல்லாம் பார்த்தார்கள். சூப்பிரண்டு கூடவே நடந்தார். முப்பது கேள்வி தாண்டியும் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எடைப் பதிவேட்டைத் தலைவர் இரண்டு பக்கம் புரட்டினார். இன்னும் பத்துப் பக்கம் புரட்டினார்.

“இதுல சிவப்பு மையே இல்லையே.”

“நம்ம சாப்பாடு நல்லா இருக்கும் சார்” என்றார் சூப்பிரண்டு.

தலைவர் சிரித்தார். “எங்க வீட்டுலயே போன மாசம் எனக்கு ரெண்டு கிலோ கொறஞ்சுச்சு. இங்க நானூறு பேருல ஒருத்தனுக்கும் கொறயலையா கம்பவுண்டர்?”

கொறயலைங்கய்யா என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஐந்து மதிப்பெண் விழுந்திருக்கும். ஜெபமணி டாக்டர் கண்ணுச்சாமியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். ஆறாம் கட்டிலில் இருமல் கேட்டது. ஒச்சாயி பதினைந்து நாள் வைத்துக் கேட்டுக்கொள்கிற இருமல் இதுதானே என்று கண்ணுச்சாமிக்குத் தோன்றியது.

“கொறஞ்சுச்சுங்கய்யா. நான் எழுதல.”

தலைவர் பதிவேட்டை மூடினார்.

“பன்னண்டு வருசமா எழுதல. அதுல ஆறாம் நம்பர் கட்டிலுக்கு நான் எழுதுனதால அந்த ஆளுக்கு விடுதலை நிக்கிது. என் பொஸ்தகத்த நம்பாதீக. வாசல்ல ஒரு பொஸ்தகம் இருக்கு. அதக் கொண்டாரச் சொல்லுங்க.”

முத்திருளனைக் கூப்பிட்டார்கள். கேட் புத்தகத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் கொண்டுவந்தார். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. தன் கணக்கில் பிழை கண்டுபிடித்துவிட்டார்களோ என்று முகம் கறுத்திருந்தது. படிக்கச் சொன்னார்கள். படித்தார்.

“கைதி காசிமாயன். கறுப்புக் கயிறு ஒண்ணு. வந்தது முப்பத்தேழு அங்குலம். கட்டுனது முப்பத்தாறேகால். வெட்டுனது முக்கால்.” பக்கம் புரட்டினார். “கறுப்புக் கயிறு ஒண்ணு. வந்தது முப்பத்தேழு. கட்டுனது முப்பத்தஞ்சரை. வெட்டுனது ஒண்ணரை.” இன்னும் புரட்டினார். ஒவ்வொரு தடவையும் வந்தது முப்பத்தேழு. ஒவ்வொரு தடவையும் வெட்டியது கூடிக்கொண்டே போனது. ஆறாவதைப் படிக்கும்போது அவர் குரல் மெதுவானது. இரண்டு வருஷமாகத் தான் என்ன எழுதிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

“கடைசியா தை மாசம். வந்தது முப்பத்தேழு. கட்டுனது இருபத்தேழு. வெட்டுனது பத்து.”

தலைவர் ஸ்கேலை வாங்கிக்கொண்டு ஆறாம் கட்டிலுக்குப் போனார். காசிமாயனின் சட்டையைத் தூக்கி, கயிற்றின் மேல் விரலை வைத்துச் சுற்றினார். தையில் இறுகக் கட்டிய கயிற்றுக்குள் இப்போது அவருடைய மூன்று விரல் போயிற்று.

“எங்க வீட்டுக்காரி கொண்டாந்ததுய்யா” என்றான் காசிமாயன், பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து.

“இருக்கட்டும். இருக்கட்டும்.”

கரட்டுப்பட்டி ஆஸ்பத்திரிக்கு முதல் தரம் கிடைக்கவில்லை. எந்தத் தரமும் கிடைக்கவில்லை. எக்ஸ்ரே மெஷின் வேறு ஊருக்குப் போனது. கண்ணுச்சாமியை அன்று சாயங்காலமே சஸ்பெண்ட் செய்தார்கள். கொட்டாம்பட்டிக்குப் போய் அண்ணன் கடலைக்காட்டில் களை எடுத்தார். நானூறு பேரையும் திரும்ப எடை போட்டதில் அறுபத்திரண்டு பேருக்குச் சிவப்பு மை விழுந்தது. அதில் பதினொரு பேரை வடக்கே அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று கண்ணுச்சாமியை வைதார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேட் புத்தகத்தின் நகலை ஜெபமணி டாக்டர் விடுதலை மனுவோடு வைத்து அனுப்பினார். கமிட்டித் தலைவரும் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். சித்திரை போனது, வைகாசி போனது. அடுத்த கயிற்றை அவன் வெளியே வரும்போது தன் கையாலேயே கட்டலாம் என்று ஒச்சாயி கொண்டுவராமல் வைத்திருந்தாள். ஒச்சாயி பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அவன் நிற்க முடியாமல் உட்கார்ந்தே பேசினான்.

“கொடிக்கால்ல தண்ணி பாயுதா?”

“பாயுது மச்சான்.”

“மத்தியானம் வெத்தலைக்குத் தண்ணி தெளிச்சா ஒரு வாசம் வரும்ல?”

“வரும்.”

“அது நெனப்பாவே இருக்கு. இங்க எதை மோந்தாலும் பினாயிலு.”

அடுத்த தடவை அவள் முந்தானையில் வெற்றிலை முடிந்து வந்தாள். நோயாளிக்கு வெற்றிலை ஆகாது என்று உள்ளே விடவில்லை. முத்திருளன் அதைத் திருப்பிக் கொடுத்ததாகப் புத்தகத்தில் எழுதினார். எழுதிவிட்டு ஒரே ஒரு வெற்றிலையைக் கசக்கித் தன் இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு ஆறாம் கட்டில் பக்கம் ஒரு நடை போய்வந்தார். அதை எழுதவில்லை.

உத்தரவு ஆடி இரண்டாம் வாரம் வந்தது.

ஒச்சாயியும் சின்னத்தாயும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். ஆடிக் காற்றில் பொட்டல் மண் எழும்பி வாசலெல்லாம் அடித்தது. காகிதங்களில் கையெழுத்து வாங்கி முடிக்கப் பதினொரு மணி ஆயிற்று. இரண்டு வார்டர்கள் தாங்கலாகக் காசிமாயனைக் கொண்டுவந்து முத்திருளனின் முக்காலியில் உட்காரவைத்தார்கள். உள்ளே வந்த அன்று கட்டியிருந்த வேட்டியையும் சட்டையையும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சட்டைக்குள் அவனைத் தேட வேண்டியிருந்தது.

சின்னத்தாய் அவ்வளவு பெரிய வாயையும் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

ஒச்சாயி கிட்டே போனாள். நடுவில் வலை இல்லை. ஐந்து வருஷம் நினைத்து நினைத்து வைத்திருந்தவளுக்கு எங்கே தொடுவது என்று தெரியவில்லை. மடியிலிருந்து கயிற்றை எடுத்தாள். முந்தின நாள் அழகர்கோவிலில் வைத்து எடுத்தது. வார்டர்கள் அவனைத் தாங்கி எழுப்பி நிறுத்த, முழங்காலிட்டு உட்கார்ந்து அவன் சட்டையைத் தூக்கி, தையில் கட்டிய பழைய கயிற்றை அவிழ்க்காமலே கீழே உருவினாள். அது தானாக நழுவிக் காலடியில் விழுந்தது. புதுக் கயிற்றை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அப்போது அவள் முன்கை இரண்டும் அவன் விலாவில் பட்டன. உடம்பு அனலாகக் கொதித்தது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த தொடுகை அதுதான்.

“ஏன்டி கை இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு?” என்றான் காசிமாயன்.

“கொடிக்கால்ல நின்ன கை மச்சான்.”

“எடுக்காத.”

அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்கு அப்பால் கயிறு ஒன்றரைச் சாணுக்கு நீண்டு தொங்கியது.

முத்திருளன் பழக்கத்தில் ஸ்கேலையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

“வெட்டாதீகண்ணே” என்றாள் ஒச்சாயி. “அது அவுக எடம். திரும்பி வரட்டும்.”

முத்திருளன் நிமிர்ந்தார். பிளேடை உறையில் போட்டார். கேட் புத்தகத்தைத் திறந்து, கைதி காசிமாயன், கறுப்புக் கயிறு ஒன்று, வந்தது முப்பத்தேழு அங்குலம், கட்டியதும் முப்பத்தேழு என்று எழுதினார். வெட்டியது என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடினார். இருபத்தொரு வருஷத்தில் அவர் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான்.